நாட்காட்டியின் மூலையில் பிறை

மேலைப் பண்பாட்டின் தாக்கம் குறித்து நம் மேடைகள் பேசாத நாளில்லை. உடை, சிகை, தொலைக்காட்சி, பிறந்தநாள் கேக் எனப் பட்டியல் நீளும். இவை கண்ணுக்குத் தெரிபவை. ஆகவே கண்டிக்க எளியவை. ஆனால் ஒரு சமுதாயத்தின் காலக்கணக்கு மாறுவதே ஆழமான மாற்றமாகும். அம்மாற்றம் நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்கு அது அண்டை ஊர்ச் சரக்கு.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டு வளர்ந்த சிவகாசி, இன்று நாட்டுக்கே நாட்காட்டி அச்சிட்டுத் தருகிறது. முஸ்லிம்களுக்கென வரும் தினசரித் தாளில் தொழுகை நேரங்கள் உள்ளன; அது நற்பணியே. ஆயினும் ஆங்கிலத் தேதி தாள் நிறைய நிற்க, ஹிஜ்ரி தேதி மூலையில் ஒடுங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்றே வெளியாகிவிடுகின்றன. எனவே, 29ஆம் நாள் மாலையில் வானைப் பார்த்து அறியவேண்டிய தலைப்பிறை பல மாதங்களுக்கு முன்பே அச்சேறிவிடுகிறது. பின்னர், “காலண்டரில் இன்றுதானே பெருநாள்?” என்று பள்ளிவாசல் வாயிலில் வாதிடுகிறோம்.

ஹிஜ்ரி 17இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆண்டுக்கணக்கை ஹிஜ்ரத்திலிருந்து தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கூட மவ்லூது மாதம், நோன்பு மாதம், ஹஜ்ஜு மாதம் என்றே நாள் எண்ணினர். இன்று அரபிக் கல்லூரி மாணவரிடம் பிறை எத்தனை என்று கேட்டால் அவர் சுவரைப் பார்க்கிறார்.

இது வெறும் ஏக்கமன்று. ஏழையின் உரிமையைத் தொடும் செய்தி. மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் வணிகர் பலர் ஜகாத்தையும் அன்றே கணக்கிடுகின்றனர். பிறை ஆண்டு சுமார் 354 நாட்களே கொண்டது. ஆங்கில ஆண்டைப் பின்பற்றினால் 33 ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டு ஜகாத் முழுவதும் விடுபட்டுவிடும். இதனாலேயே இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான பஹ்ரைன் கணக்கியல் அமைப்பு, சூரிய ஆண்டைக் கொள்வோர் 2.5க்குப் பதிலாக 2.5775 விழுக்காடு கணக்கிட வேண்டும் என்கிறது. பத்து லட்சத்துக்கு ஆண்டுதோறும் 775 ரூபாய் வேறுபாடு. அது நம் தெரு விதவையின் பங்கு. மாதத் தொடக்கத்தில் கணவனை இழந்தவள் தன் இத்தாவை ஆங்கில மாதத்தால் எண்ணினால் அதுவும் சில நாட்கள் பிழைபடும்.

அப்படியாயின் மேற்கிலிருந்து வந்த யாவற்றையும் விலக்க வேண்டுமா? நம் முன்னோர் அவ்வாறு செய்யவில்லை. 1796இல் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சை முஸ்லிம் உலகம் விரும்பி ஏற்றது. காரணம், கூட்டெழுத்தாய் ஓடும் அரபு எழுத்தின் அழகை அது சிதைக்கவில்லை. அரபுத்தமிழ் நூல்கள் பல அவ்வழியே வெளிவந்தன. கருவி மேற்கினுடையது, எழுதிய கையும் எழுதப்பட்ட பொருளும் நம்முடையவை. சிவகாசியின் ஆஃப்செட் அச்சும் அக்கல்லச்சின் வழித்தோன்றலே. அன்று கருவியை ஆண்டோம். இன்று அதன் தாளைக் கிழிப்பதோடு நிற்கிறோம்.

இத்தளர்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று. துருக்கி 1926 முதல் கிரிகோரியன் ஆண்டைக் கைக்கொண்டது. சவூதி அரசும் 2016இல் ஊழியர் ஊதியத்தை அந்தக் கணக்குக்கு மாற்றியது. நிர்வாக வசதிக்காக இரு கணக்குகளைக் கொள்வதில் குற்றமில்லை. ஒன்றை மறந்துவிடுவதே குற்றம். சிவகாசி வணிகரைப் பாருங்கள். அவர் விற்பது ஆங்கில ஆண்டு. அதன் விற்பனையைத் தொடங்குவதோ தம் மரபின் ஆடி 18இல்! அந்த விழிப்பு நமக்கு ஏன் இல்லை?

ஜமாஅத்தின் அறிவிப்புப் பலகையில் பிறை பார்த்தபின் அன்றைய ஹிஜ்ரி தேதி எழுதப்படட்டும். நிகாஹ் பதிவேட்டில் அது முதலிடம் பெறட்டும். வணிகர் ஒவ்வொருவரும் ஜகாத்துக்கென ஒரு பிறை நாளைக் குறித்துக்கொள்ளட்டும். மேலைப் பண்பாட்டைச் சாடும் நூறு சொற்பொழிவுகளைவிட, மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு மொட்டை மாடியில் நின்று மேற்கு வானைப் பார்ப்பது பயன்தரும். பிறை தோன்றுவதும் அந்த மேற்கில்தானே!