அவையும் அவையினரும்: மலேசியத் தமிழ் இலக்கியக் கலந்துரையாடல்களின் அமைப்புக் குறித்து ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் திறனாய்வு போதிய அளவு வளரவில்லை என்னும் குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. படைப்பாளர் உளர், படைப்புகளும் வெளிவருகின்றன, ஆயின் அவற்றை எடையிட்டுக் கூறுவார் இலர் என்பதே அக்குறையின் சாரம். தக்க திறனாய்வாளர் இன்மையே இதற்குக் காரணம் எனப் பலரும் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. திறனாய்வு நிகழவேண்டிய அவைகள் பேசுவார்க்கு வசதியாக அமைந்துள்ளன. கேட்பார் வாய்திறந்து பங்கேற்பதற்கு வசதியாக அமையவில்லை. குறை ஆட்களிடம் இருப்பதைக் காட்டிலும் அவையின் அமைப்பில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நிகழும் நூல் வெளியீட்டு விழாவை முதலில் எடுத்துக்கொள்வோம். விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ கே.ஆர். சோமா அரங்கமாயினும், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார மண்டபங்களாயினும் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒன்றே. தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, முதல் நூல் பெறுதல் என்று அது நீளும். ஒவ்வொருவரும் டான்ஸ்ரீ, டத்தோ எனத் தொடங்கி அவையோரை முறைப்படி விளித்து முடிப்பதற்கே கணிசமான நேரம் செல்கிறது. இவற்றுக்கு இடையில் நூலாய்வுரை என்றொரு பகுதி உண்டு. நூல் அன்றுதான் வெளியிடப்படுகிறது. எனவே ஆய்வுரை நிகழ்த்துபவரையும் நூலாசிரியரையும் தவிர அவையில் வேறு எவரும் அதனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படியாத நூலைப் பற்றிய ஆய்வைக் கேட்டு உடன்படவும் இயலாது, மறுக்கவும் இயலாது, கைதட்டலாம். இந்த முரண்பாடு நமக்குப் பழகிப்போனமையால் யாரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

கருத்தரங்குகளின் நிலை இதனினும் சற்று மேம்பட்டது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு தனிநாயக அடிகளின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு ஏப்பிரலில் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. ஆகவே கட்டுரை படித்து வாதிக்கும் மரபு இம்மண்ணுக்குப் புதியதன்று. எனினும் நடைமுறையில், கட்டுரையாளர் தமக்கு ஒதுக்கிய நேரத்தைக் கடந்தால் அது வினாவிற்குரிய நேரத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. “நேரமின்மை காரணமாக” என்னும் தொடரை அறியாத கருத்தரங்கு உண்டோ? ஆய்வுக்கோவை முன்னரே அச்சாகிவிடுவதால் கட்டுரைகள் நிலைபெறுகின்றன. அவற்றின்மீது எழுந்த ஐயமும் மறுப்பும் மண்டபத்தின் விளக்கோடு அணைந்துவிடுகின்றன.

பவணந்தியார் தம் நன்னூற் பொதுப்பாயிரத்தில் இதனைத் தெளிவாக உணர்ந்து பேசியுள்ளார். ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே வாய்க்கும். இக்கணக்கின்படி, மேடையுரையைக் கேட்டு மட்டும் வீடு திரும்புகிறவர் நான்கில் மூன்று பங்கை இழந்தே திரும்புகிறார். நூலுக்குரிய மதம் ஏழு என வகுக்குமிடத்தும் அவர் உடன்படலை முதலில் வைத்து, மறுத்தலை அதன் அருகிலேயே வைத்தார். பிறர் கொள்கையை ஏற்பதுபோல் தொடங்கிப் பின்னர்க் களைதலையும், மாறுபட்ட இருவர் கொள்கைகளில் ஒன்றனைத் துணிதலையும், பிறர் நூலின் குற்றம் காட்டலையும் அவ்வேழனுள் அடக்கினார். நம் அவைகளில் இவற்றுள் முதலாவது மட்டுமே தழைத்துள்ளது. பட்டிமன்றத்தில் மறுத்தல் உண்டே எனலாம். அங்கே எதிர்வாதம் முன்னரே பங்கிடப்பட்டது, தீர்ப்பும் நடுவர் கையில் உள்ளது. மணிமேகலை காட்டும் பட்டிமண்டபத்திற்கும் அதற்கும் பெயரொற்றுமை மட்டுமே உண்டு.

பங்கேற்பாரை மையமாகக் கொண்ட அவை இந்நாட்டில் முன்பு இருந்தது. 1950இல் தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பைத் தொடங்கினர். கந்தசாமி வாத்தியார், வானம்பாடி என்னும் புனைபெயர்களில் அது நடைபெற்றது. பாடம் இதழில் வெளிவந்தது, பயிற்சி கொடுக்கப்பட்டது, வாசகர் எழுதி அனுப்பினர், அவர்தம் எழுத்து மதிப்பிடப்பட்டது. அவசரகாலம் நிலவிய ஆண்டுகள் அவை. தோட்டப்புறத்தில் வாழ்ந்த ஒருவர் மாலைக் கூட்டத்திற்கு நகரம் வந்து மீளுதல் எளிதாக இருந்திராது. கதை வகுப்போ அவரைத் தேடிச் சென்றது. ஓர் இதழும் ஓர் அஞ்சல்தலையும் இருந்தால் போதும், அவர் அவையில் இடம்பெறலாம். போருக்குப் பிந்திய மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் இவ்வகுப்பைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. அதன் வெற்றிக்கு நடத்தியோரின் புலமையைக் காரணமாகக் காட்டுவதே வழக்கம். நுழைவு எளிதாயிருந்ததும், செய்யவேண்டிய பணி ஒவ்வொரு வாரமும் தெளிவாக இருந்ததும் அதற்கு இணையான காரணங்கள் என்பது நம் துணிபு.

கதை வகுப்பிலும் குறை உண்டு. அது வகுப்பாகவே இருந்தது. வாத்தியார் சொல்வார், மாணவர் திருத்திக்கொள்வார். சுப. நாராயணன் பின்னர்ச் சிங்கப்பூர்த் தமிழ் முரசில் நடத்திய இரசனை வகுப்பு எழுதுவோரை விட்டு வாசிப்போரை நோக்கித் திரும்பியதை இக்குறையின் திருத்தமாகவே கொள்ளலாம். அதே காலப்பகுதியில் அவ்விதழில் புதுமைப்பித்தனைக் குறித்து எழுந்த வாதம் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. அது அச்சில் நிகழ்ந்தமையே அதற்குக் காரணம். 1952 முதல் 1957 வரை தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தினார். அங்கே எழுத்தாளரும் வாசகரும் நேர்முகமாக உரையாடினர். அவ்வுரையாடலைப் பற்றி இன்று நினைவுக் குறிப்புகளைக் கொண்டே பேசவேண்டியுள்ளது.

நம் சமூகம் சிறியது, எழுதுவோரும் பேசுவோரும் ஒருவரையொருவர் நன்கறிந்தவர், ஆதலின் வெளிப்படையான மறுப்பு உறவைக் கெடுக்கும் என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. தலைமையாசிரியர் எழுதிய நூலைப் பற்றி அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் ஆசிரியர் எவ்வாறு பேசுவார்? மேற்பார்வையாளர் படித்த கட்டுரையை அவருடைய முனைவர் பட்ட மாணவர் எவ்வாறு மறுப்பார்? ஆனால் இது துணிவைப் போதிப்பதால் தீரும் சிக்கல் அன்று. வினாவை எழுதிக் கொடுக்கும் தாள் ஒன்று ஒவ்வோர் இருக்கையிலும் இருந்து, அவற்றை நெறியாளர் பெயர் சுட்டாமல் படித்தால், அந்த ஆசிரியரும் மாணவரும் அவையில் பேசியவராகிவிடுவர். புனைபெயர் கந்தசாமி வாத்தியாருக்கு உதவியது போல் வினாத்தாள் இவர்களுக்கு உதவும்.

நூல் வெளியீட்டையும் நூலாய்வையும் பிரித்துவிட வேண்டும் என்பது நாம் வற்புறுத்த விரும்பும் மாற்றம். வெளியீடு ஒரு கொண்டாட்டம். அது அவ்வாறே நடைபெறட்டும். பொன்னாடைக்கு நாம் பகைவர் அல்லர். இரண்டு மூன்று திங்கள் கழித்து, நூலை வாங்கியோர் அதனைப் படித்து முடித்த நிலையில், பொன்னாடையின்றி மற்றொரு கூட்டம் கூட்டலாம். இருபது பேர் வந்தாலும் போதும். முழு நூலையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு சிறுகதையை முன்வைத்து, அதன் படியை இரு வாரம் முன்னரே அனுப்பி, இரண்டு மணி நேரம் பேசலாம். தொடக்கவுரை பத்து நிமிடத்தைத் தாண்டலாகாது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி வழி வெளிவந்துள்ள பேரவைக் கதைகள் தொகுதிகள் இதற்கு ஆயத்தமான பாடநூல்களாகும். பரிசு பெற்ற கதையைப் பாராட்டியிருக்கிறோம். அது பரிசுக்கு உரியதா என அவையில் வாதித்திருக்கிறோமா?

இருக்கைகளை வட்டமாக இடுவது சிறு செய்தி போலத் தோன்றும். வரிசையாக அமர்ந்தவர் முன்னிருப்பவரின் பிடரியை நோக்கியே பேச நேர்கிறது. முதல் வரிசை முக்கியப் பிரமுகர்க்கு ஒதுக்கப்படுகையில் ஏனையோர் தம்மைப் பார்வையாளராகவே எண்ணிக்கொள்கின்றனர். இடமும் கருதத்தக்கது. கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து பிரிக்பீல்ட்ஸை நடந்தே அடையலாம். ஆயினும் எல்லாக் கூட்டமும் தலைநகரில் இருக்கவேண்டும் என்னும் விதி இல்லை. ஒரு மாதம் பிரிக்பீல்ட்ஸ், மறுமாதம் கிள்ளான் என மாற்றினால் பயணச் சுமையும் மாறி மாறி வரும்.

இவையனைத்திலும் நாம் தலையாயதாகக் கருதுவது பதிவு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. வாரந்தோறும் ஒரு வாதத்தைத் தாங்கிச் செல்லக்கூடிய ஏடு ஒன்று அதனோடு போயிற்று. எனவே கூட்டம் நடத்துவோரே ஏட்டின் வேலையையும் செய்தாக வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு குறிப்பாளர் அமர்த்தப்பட்டு, எழுந்த வினா, கிடைத்த விடை, தீராமல் நின்ற ஐயம் ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் எழுதவேண்டும். அடுத்த கூட்டம் அத்தீராத ஐயத்திலிருந்தே தொடங்கவேண்டும். அவ்விரு பக்கங்களின் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பதற்கு இந்திய ஆய்வியல் துறை பொறுப்பேற்கலாம். முதுகலை மாணவர் ஒருவருக்கு இதனைப் பயிற்சிப் பணியாக அளித்தால், தனியே செலவும் இராது.