அறையில் ஒரு தோட்டா

அமெரிக்காவில் உடைக்குள் மறைத்துக் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. மேகசினில் தோட்டாக்கள் இருக்கத்தான் போகின்றன. குழலின் அடியிலுள்ள அறையிலும் ஒன்றை முன்கூட்டியே ஏற்றி வைக்கலாமா, கூடாதா என்பதே அது. ஏற்றி வைத்திருப்பவர் உறையிலிருந்து உருவி விசையை அழுத்தினால் போதும். ஏற்றாதவர் உருவியபின் மறுகையால் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் தோட்டா அறைக்குள் போகும். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் ஏற்றி வைக்கச் சொல்லும் கட்சி. புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்களில் பலருக்கு அந்த நினைப்பே வயிற்றைக் கலக்குகிறது. அவர்கள் அறையைக் காலியாக விடுகிறார்கள், அதற்காகக் கேலியும் வாங்கிக்கொள்கிறார்கள். பயிற்சியாளர்கள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வது சரிதான் என்பது என் எண்ணம். அதைச் சுமக்கும் மனிதர்களைப் பற்றி அவர்கள் போடும் கணக்கில்தான் கோளாறு.

காலி அறை ஒரு காலத்தில் கோழைத்தனமாகக் கருதப்படவில்லை. அனுபவசாலிகளின் வழக்கமாகவே இருந்தது. 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு அறைகள். விவரம் தெரிந்தவர்கள் ஐந்தைத்தான் நிரப்பினார்கள். சுத்தியல் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அமைப்பு என்பதால், கீழே விழுந்தாலோ எதன் மேலாவது மோதினாலோ வெடித்துவிடும். 1973-இல் ரூகர் நிறுவனம் தன் ரிவால்வர்களில் சுத்தியலுக்கும் தோட்டாவை அடிக்கும் ஊசிக்கும் இடையே ஒரு தகட்டை வைத்தது. விசையை அழுத்தினாலொழிய அடி ஊசிக்குப் போய்ச் சேராது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் பிஸ்டல் இதே யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோனது. வெளியே கட்டைவிரலால் தள்ளும் பூட்டு கிடையாது. உள்ளே மூன்று தடைகள், விசை நகர நகர ஒவ்வொன்றாக விலகும். விழுந்தால் வெடிக்கும் என்ற பழைய பயத்துக்கு நல்ல நிலையிலுள்ள நவீன பிஸ்டலில் பெரும்பாலும் இடமில்லை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு: சிக் சாவர் பி320 குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுட்டுவிடுகிறது என்று 2017-இல் வெளிவந்து, நிறுவனமே பாகங்களை மாற்றித்தர முன்வந்தது. அதை விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தப் பாதுகாப்பும் விசை என்ற ஒற்றை இடத்தில் குவிந்துவிடுகிறது. அதை எது தொட்டாலும், விரலோ துணியோ குழந்தையின் கையோ, துப்பாக்கிக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஏற்றி வைக்கச் சொல்பவர்களின் வாதம் லேசானதல்ல. சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரை இன்றுவரை அவர்களுக்கு வேதம். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவர் ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் ஓடிவந்து சேர்ந்துவிடுவார். பயிற்சி பெற்றவருக்கே உருவிச் சுட அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர் காட்டினார். அந்த ஒன்றரை வினாடிக்குள் ஸ்லைடை இழுப்பதையும் சேர்த்தால் எங்கே போவது? ஒரு கையில் குழந்தை இருக்கலாம். தாக்குபவனைத் தடுப்பதிலேயே ஒரு கை முறிந்திருக்கலாம். பதற்றத்தில் ஸ்லைடை அரைகுறையாக இழுத்தால் தோட்டா குறுக்கே சிக்கும். காலி அறையோடு சுமக்கும் முறைக்கு இஸ்ரேலின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அது கடும் பயிற்சியோடு கற்பிக்கப்பட்ட முறை. பயத்தால் அறையைக் காலியாக விடுகிறவர் அந்தப் பயிற்சியைச் செய்வதில்லை. இவ்வளவும் எனக்கு உடன்பாடு.

ஆனால் மறைத்துச் சுமக்கும் துப்பாக்கிகள் தவறி வெடிக்கும் சம்பவங்களை எடுத்துப் பார்த்தால் கத்திக்காரன் அங்கே இல்லை. 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரஸ் உறையே இல்லாமல் தளர்ந்த கால்சட்டையின் இடுப்புப்பட்டியில் செருகியிருந்த கிளாக் நழுவியது. தன் தொடையையே சுட்டுக்கொண்டார். நியூயார்க்கில் உரிமம் இல்லாததால் இரண்டாண்டு சிறைத்தண்டனையும் பெற்றார். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற ஊரில் நடந்தது இதைவிடக் கொடியது. வால்மார்ட் கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டது. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையும் ஜிப்பும் தைக்கப்பட்ட பை அது. துப்பாக்கி வெடித்து, தாய் அங்கேயே இறந்தார். அவர் உரிமம் பெற்றவர். துப்பாக்கி புழங்கும் குடும்பம். இரண்டு வயதுக் குழந்தையால் விசையை அழுத்த முடிந்தது. விறைப்பான ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்லைடை இழுக்க அதனால் முடிந்திருக்காது. பயிற்சியாளர்கள் காலி அறையைக் கேலி செய்யும்போது இந்தக் கைப்பை அவர்கள் கணக்கில் வருவதில்லை.

மறதியும் அந்தக் கணக்கில் இல்லை. 2023-இல் அமெரிக்க விமான நிலையங்களின் சோதனைச் சாவடிகளில் பயணிகளின் கைப்பெட்டிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் சுமார் 93 விழுக்காட்டில் தோட்டா இருந்தது. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், பையில் இருப்பதே மறந்துவிட்டது என்பது. இவர்களில் யாரும் பயங்கரவாதியாக இருக்க வேண்டியதில்லை. அன்றாடப் பொருளாகிவிட்ட எதையும் மனிதர்கள் மறப்பார்கள், சாவிக்கொத்தை மறப்பதுபோல. கணத்தில் சுடத் தயாராக இருக்கும் ஒன்றை, அது இருப்பதையே மறந்துவிடக்கூடியவர் சுமக்கிறார் என்றால், அங்கே யார் எதற்குத் தயாராக இருக்கிறார்கள்?

காலி அறையின் மேல் அளவுகடந்த நம்பிக்கை வைப்பதும் தவறு. காலி என்று நினைத்துக்கொண்டு விசையை அழுத்தியவர்களால் நேர்ந்த சாவுகள் ஏராளம். கிளாக்கைத் துடைக்கக் கழற்றும்போது விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். மேகசினை எடுத்தாயிற்று என்ற தைரியத்தில், அறைக்குள் மிச்சமிருப்பதைப் பார்க்காமல் அழுத்துகிறவர் உள்ளங்கையைத் துளைத்துக்கொள்கிறார். பயந்த சுபாவக்காரர் இரவு தோட்டாவை எடுத்துவிட்டுக் காலையில் அதையே மறுபடி ஏற்றுவதிலும் ஒரு வினை உண்டு. ஒவ்வொரு முறை ஏறும்போதும் தோட்டாவின் முனை இடித்து, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் இம்மியளவு உள்ளே போகும். நாள்பட்டால் உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். உறைக்குள் திரும்பச் செருகும் கணமும் பொல்லாதது. சட்டையின் நுனியோ மேலங்கியின் நாடாக் குமிழோ விசைக்காப்புக்குள் மாட்டிக்கொண்டால் தள்ளுகிற கையே சுட்டுவிடும். ஆகவே நல்ல பயிற்சியாளர் சொல்வது: விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்கும் கெட்டியான இடுப்புப்பட்டி, கழற்றும்போது உறையோடு சேர்த்துக் கழற்று, தேவையில்லாமல் தொடாதே. இந்த நான்கும் இருந்தால் ஏற்றிய அறையை நானும் ஒப்புக்கொள்வேன். கைப்பை, காரின் டேஷ்போர்டுப் பெட்டி, உறையில்லாத சட்டைப்பை என்றால் முடியாது.

தவறுதலாகச் சுடப்பட்டு இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 500 பேர்தானே என்று கேட்பார்கள். துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்பவர்கள் 2023-இல் 27,000-க்கும் மேல். அதன் முன் இது சிறிய எண்தான், காயத்தோடு தப்பியவர்கள் இதில் சேராவிட்டாலும். ஆனால் அபாயம் அரிது என்று தள்ளுபவர் தேவை எவ்வளவு அரிது என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும். குற்றவாளியை நேரில் எதிர்கொண்ட சம்பவங்களில் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2015-இல் ஆய்வாளர்கள் ஹெமன்வேயும் சோல்னிக்கும் அரசின் கணக்கெடுப்பிலிருந்து காட்டினார்கள். 1995-இல் கிளெக், கெர்ட்ஸ் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் அப்படித் தற்காத்துக்கொள்வது ஆண்டுக்கு 25 லட்சம் முறை என்றார்கள். இரண்டுக்கும் நடுவே பாலமே கட்ட முடியாது. ஆனால் கிளெக்கின் ஆய்விலேயே துப்பாக்கியைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் சுடவே இல்லை, காட்டியதோடு சரி. அறையில் தோட்டா முன்பே இருந்ததால் மட்டும் பிழைத்தேன் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தச் சிறுபான்மைக்குள்ளும் ஒரு சிறுபான்மைதான்.

ஏற்றிய அறையோடு சுமக்கத் தகுதியில்லாதவர் துப்பாக்கியே சுமக்கக்கூடாது என்பது பயிற்சியாளர்களின் கடைசி அம்பு. தர்க்கப்படி அதில் குறை காண முடியாது. ஆனால் சுமக்கக்கூடாது என்று அவர்களைத் தடுப்பது யார்? நியூயார்க்கில் 1911 முதல் இருந்த சட்டத்தின் கீழ், தனக்குத் தக்க காரணம் உண்டென்று நிரூபிப்பவருக்கே உரிமம் என்ற நிபந்தனை இருந்தது. 2022 ஜூன் மாதம் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2024-க்குள் 29 மாநிலங்களில் மறைத்துச் சுமக்க உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது. அவற்றில் டெக்சாஸும் ஒன்று. அங்கே விரும்பி உரிமம் கேட்டு வருபவருக்கு ஒரு தேர்வு உண்டு: 3, 7, 15 கெஜ தூரங்களிலிருந்து 50 குண்டுகள். துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே தொடங்கலாம். உறையிலிருந்து உருவுவதையோ திரும்பச் செருகுவதையோ தேர்வு சோதிப்பதில்லை. 2021 செப்டம்பர் முதல் அந்தத் தேர்வுக்குக்கூடப் போகாமல் சுமக்கலாம்.