ஈசிஜியில் அடங்கிய துடிப்பு

மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் ஈசிஜியில், இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பும் கூடுதல் துடிப்புகள் அடிக்கடி தென்பட்டால் திடீர் மரண அபாயம் அதிகம். கவனிப்பு சரியானது; அதிலிருந்து 1980-களில் பலர் எட்டிய முடிவுதான் பிழை. துடிப்பை அடக்கினால் சாவும் தள்ளிப்போகும் என்று நம்பினார்கள். என்கைனைட், ஃப்ளெக்கைனைட் மாத்திரைகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால் இந்த நம்பிக்கையைச் சோதித்த 'காஸ்ட்' ஆய்வில் அவ்விரண்டையும் 1989-இல் பாதியில் நிறுத்த நேர்ந்தது: மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேர். தழும்பேறிய தசையில் மின்னோட்டத்தை மேலும் மந்தமாக்கி, அது சுழன்று திரும்ப இம்மருந்துகள் வழிசெய்தன என்பதே பொதுவான விளக்கம். எந்தத் தனி மருத்துவராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நோயாளி திடீரென இறந்தால், எதிர்பார்த்த நோய்தானே கொண்டுபோனது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

போலி மாத்திரைக் குழுவில் சாவு வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததால் ஒப்பீடு மிகைப்பட்டுவிட்டது என்றொரு மறுப்பு உண்டு. மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். அவர்கள் சற்றே வலுவானவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வலு இரு குழுக்களுக்கும் பொது. மருந்து யாரிடம் 'வேலை செய்ததோ' அவர்களையே கொன்றது என்பது குற்றச்சாட்டைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கூடுதல் துடிப்பை அவ்வளவு திறமையாக அடக்காத பீட்டா பிளாக்கர் வகை மருந்தோ, 3,837 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வில் இறப்பை 9.8 சதவீதத்திலிருந்து 7.2 ஆகக் குறைத்தது.

இதனால் இதயத் தாளக் கோளாறுக்கான சிகிச்சையே வீண் என்று சொல்வது அடுத்த பிழை. கீழறை நடுங்கி நாடி நின்றவருக்கு மின் அதிர்ச்சிதான் உயிர். நெஞ்சில் பதிக்கும் அதிர்ச்சிக் கருவியும், இதயம் மிகவும் தளர்ந்தவர்களைக் காப்பதை 2002-இல் மாடிட்-2 ஆய்வு காட்டியது. அதே கருவியை மாரடைப்புக்குப் பின் 40 நாட்களுக்குள் பதித்தபோது, 2004-இன் டினமிட் ஆய்வில் தாளக் கோளாறால் வரும் சாவு குறைந்தது, வேறு இதயச் சாவுகள் கூடின, மொத்தக் கணக்கு மாறவில்லை. அபாயம் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களுக்கென வந்த அணியும் அதிர்ச்சிச் சட்டையும், 2018-இல் வெளியான ஆய்வில் தாளக் கோளாறுச் சாவைத் தெளிவாகக் குறைக்கவில்லை. சட்டை தரப்பட்டவர்களில் இறந்தோர் 48 பேர். அந்த நேரத்தில் அதை அணிந்திருந்தவர்கள் 12 பேர்தான்.