பேய் மேல் பழி: ‘2.0’ எங்கே சறுக்கியது?

‘எந்திரன்’ (2010) படத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய காட்சியில் வில்லனே கிடையாது. தீப்பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி ரோபோ அப்படியே தூக்கிவந்து, கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவில் இறக்கிவிடுகிறது. உயிரைக் காப்பாற்றியாச்சு, வேலை முடிந்தது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எவருக்கும் இந்த இடம் வயிற்றைக் கலக்கும். புரோகிராம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர் வசீகரன்.

அந்தப் படத்தில் நடக்கும் ஒவ்வொரு விபரீதத்துக்கும் பின்னால் ஒரு மனிதனின் கையெழுத்து இருக்கிறது. சிட்டியை வெட்டிக் குப்பையில் எறிவது வசீகரனின் ஆத்திரம். சிவப்புச் சிப்பைச் செருகுவது போராவின் பேராசை. மூட நம்பிக்கைக்கு இடமே இல்லாத பயம் அது. சுஜாதா 2008இல் மறைந்த பிறகு வந்த படம் என்றாலும், அவருடைய கறாரான தர்க்கம் அதில் ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 29இல் ‘2.0’ வந்தது. வேலூரில் 3டி கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் அரைமணி நேரம் பிரமாதம். கையிலிருக்கும் போன்கள் பறந்து போகின்றன. சாலை முழுக்கப் போன்கள் ஆறு மாதிரி நகர்கின்றன. மொத்த வியாபாரி, கம்பெனி முதலாளி, அமைச்சர் என்று வரிசையாகச் சாகிறார்கள். நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை தொடும் பொருள் நம்மைத் திருப்பித் தொட்டால் என்ன ஆகும்? இதைவிட நல்ல அறிவியல் திகில் கரு தமிழில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு விளக்கம் வருகிறது. எல்லாம் பக்‌ஷிராஜன் என்ற பறவை ஆய்வாளரின் ஆவி. செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவருடைய ‘ஆரா’வும் செத்த பறவைகளின் ஆராவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவாம். ஆரா படம் என்று ஊரில் காட்டப்படும் கிர்லியன் புகைப்படத்தில் பதிவாவது, உயர் மின்னழுத்தத்தில் பொருளைச் சுற்றி எழும் மின்கசிவுதான். விரலின் ஈரம் மாறினால் ‘ஆரா’வும் மாறும். ஆனால் என் குறை அறிவியல் பிழை பற்றியதல்ல. பேய் என்று சொன்ன நொடியில் பொறுப்பு என்ற கேள்வி படத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. முதல் படத்தில் குற்றவாளியாக நின்ற வசீகரன், இரண்டாவதில் வேப்பிலைக்குப் பதில் கருவியோடு வரும் பூசாரி.

தொடர்படங்களுக்கு இந்த நோய் புதிதல்ல. 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் அந்த ஜந்துவைவிடக் கொடூரமானது, ஜந்து வந்து சேர்ந்தால் போதும், ஊழியர்கள் போனாலும் பரவாயில்லை என்ற கம்பெனி உத்தரவு. பின்னாளில் ‘ப்ரோமிதியஸ்’ (2012), ‘ஏலியன்: கவனன்ட்’ (2017) இரண்டும் ஜந்துவின் பூர்வீகத்தை விளக்கக் கிளம்பின. விளக்கம் வளர வளரப் பயம் தேய்ந்தது.

வசனத்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதில் பங்களித்த ஜெயமோகன் ‘விசும்பு’ என்ற அறிவியல் புனைகதைத் தொகுப்பை எழுதியவர். கோளாறு கதையின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. அந்தக் கோளாறு தியேட்டரோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் இருக்கும் கண்ணமங்கலத்தில், ஜவ்வாது மலையைப் பார்த்தபடி நிற்கும் செல் டவரைக் காட்டி, “இதாலதான் தம்பி குருவி போச்சு” என்று இன்றும் சொல்கிறார்கள். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது: சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. குருவி கூடு கட்ட இடுக்கு இல்லை. திண்ணையில் நெற்கதிர் கட்டித் தொங்கவிடும் பழக்கம் போயிற்று. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி வேண்டும், அதற்கு நாம் மருந்து அடித்துவிட்டோம். டவரைத் திட்டுவது சுலபம், ஏனென்றால் அதை நாம் கட்டவில்லை. வீட்டையும் வயலையும் நாம்தான் மாற்றினோம்.

படத்தின் உச்சக்கட்டத்தை இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்டேடியத்தில் பக்‌ஷிராஜனை வீழ்த்த முடியவில்லை. புறாக்கள் மேல் ஏறிவரும் குட்டி ரோபோக்கள், அந்தப் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகளுக்காக உயிரை விட்டவர் அங்கே கெஞ்சுகிறார். கதாநாயகன் தரப்பு ஜெயித்த வழி பறவைகளைப் பணயம் வைத்தது! தியேட்டரில் கைதட்டினார்கள். பிறகு வசீகரன், செத்தவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒரு அறிவுரை சொல்கிறார். படம் முடிகிறது.

‘எந்திரன்’ முடிவில் சிட்டி தன் உடம்பைத் தானே கழற்றி வைக்கும். ஒரு இயந்திரம் காட்டிய அந்தப் பொறுப்பை, ‘2.0’வில் ஒரு மனிதரிடமும் நான் பார்க்கவில்லை.