மத்தீசின் 'நத்தை'யும் சிறுவர்தம் காட்சியும்

புத்தோவியத்தைச் சிறுவர்க்கு அறிமுகப்படுத்த விழைவோர் பலர் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீசின் 'நத்தை'யைக் காட்டுவர். வண்ணத்தாளும் கத்தரிக்கோலும் தந்து, 'இவ்வாறே செய்க' என்பதோடு பாடம் முடியும். இம்முறை பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

1941-இல் வயிற்றில் அறுவை மருத்துவம் பெற்றபின் உடல் தளர்ந்த மத்தீசு, வண்ணம் பூசிய தாளைக் கத்தரித்து ஒட்டும் முறையைப் பெரிதும் மேற்கொண்டார். 1953-இல், தம் 83-ஆம் அகவையில், அவர் படைத்தது இந்'நத்தை'. ஏறத்தாழ 287 செ.மீ. பக்கமுடைய இச்சதுரம் இலண்டன் டேட் காட்சியகத்துக்கு உரியது.

இதனைக் குழந்தையும் செய்யும் என்பார் உளர். அக்கூற்று ஓவியரையும் குழந்தையையும் ஒருங்கே தாழ்த்துவதாம். மத்தீசு நத்தையை நேரிற் கண்டு வரைந்தார். அதன் சுருள் விரியும் போக்கை உள்ளத்தில் வாங்கினார். அதன் பின்னரே கத்தரிக்கோலை எடுத்தார். இவ்வெளிமை நெடிய நோக்கின் பயன் என்க.

பெயரை முற்கூறுதலும் தீங்கே. 'நத்தை' எனக் கேட்ட குழந்தை கொம்பையும் ஓட்டையும் தேடும். மேல் இடப்புறத்து ஊதாத் தாளின் விளிம்பிலுள்ள சிறு நத்தை வடிவைக் கண்டதும், புதிர் அவிழ்ந்ததெனப் பார்வையை மீட்டுக்கொள்ளும். ஆயின், 'வண்ண இயைபு' எனப் பொருள்படும் மற்றொரு பெயரும் மத்தீசு இதற்கு இட்டனர். எதிர்வண்ணங்கள் அடுத்தடுத்து நின்று, ஒன்றால் மற்றொன்று ஒளிபெறுதலே இதன் உயிர். தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு வகை கூறினார். அவற்றுள் வடிவாகிய மெய் ஒன்றனையே தேடுவார்க்கு இவ்வோவியம் விளங்காது. தாள்கள் சுழன்று செல்லும் வினையிலேயே நத்தை உளது.

ஆதலின், பெயர் கூறாது படத்தை முதலிற் காட்டுக. கண் எங்குத் தொடங்கி எவ்வழிச் செல்கின்றது என வினவுக. குழந்தை தன் விரலால் அச்சுழற்சியை வரைந்து காட்டிய பின்னர்ப் பெயரைக் கூறுக. அப்போது அது தான் கண்டதற்கு இட்ட பெயராக அமையும். கத்தரிக்கோல் இறுதியில் வருக. அப்போதும் மத்தீசைப் படியெடுத்தல் வேண்டா. எறும்பையோ இலையையோ தானே உற்று நோக்கி, வரைந்து, பின் வெட்டுதல் வேண்டும்.

சிறுவர்க்கு இத்துணைப் பொறுமை ஏது எனின், மழைநாளில் சுவரேறும் நத்தையை நெடிது நின்று பார்ப்பவர் அவரே அல்லரோ? ஆசிரியர்க்கே அப்பொறுமை வேண்டும் என்பது எம் துணிபு.