ஆய்வுகூடப் புரதமும் மெய்யான வைரசும்

எச்.ஐ.வி. வைரசின் மேற்பரப்பிலுள்ள ஜீ.பி. 120 என்னும் உறைப் புரதமே மனிதக் கலத்தின் சீ.டி. 4 ஏற்பியைப் பற்றுவதாகும். இப்புரதத்தைத் தனியே ஆக்கி உடலிற் செலுத்தின், அதற்கெதிராகத் தோன்றும் பிறபொருளெதிரிகள் தொற்றினைத் தடுக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. இவ்வெதிர்பார்ப்பின் அடிப்படையை நாம் விமர்சன நோக்கில் அணுகுதல் வேண்டும்.

வைரசில் இப்புரதம் தனித்து நிற்பதில்லை. ஜீ.பி. 41 உடன் இணைந்து, மும்மூன்றாகத் திரண்டு, வெல்லக் கூறுகளால் மறைக்கப்பட்டே நிற்கின்றது. தனித்த புரதம் தோற்றுவித்த எதிரிகள் ஆய்வுகூடத்தில் நெடுநாள் வளர்க்கப்பட்ட வைரசுகளை முடக்கின. நோயாளரிடமிருந்து நேரே பெறப்பட்டவற்றைப் பெரும்பாலும் முடக்கவில்லை. இத்தகைய ஐயங்களின் பின்னணியில், 1994இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் பெரும் பரிசோதனைக்கு ஆதரவளிக்கவில்லை. எனினும் தனியார் முயற்சியாக அது பின்னர் நடைபெற்றது. வட அமெரிக்கா, நெதர்லாந்து, தாய்லாந்து ஆகிய இடங்களில் ஏறத்தாழ 8,000 பேர் பங்குபற்றினர். பாங்கொக்கிற் பங்குபற்றிய சுமார் 2,500 பேரும் போதைமருந்தை ஊசிமூலம் ஏற்றிக்கொள்வோர். 2003இல் வெளியான முடிவுகள் தடுப்பாற்றல் எதனையும் காட்டவில்லை.

இப்புரதம் பயனற்றதென்பது எமது கருத்தன்று. 2009இல் தாய்லாந்தில், பிறிதொரு தடுப்பு மருந்துடன் இணைந்தபோது, அது ஏறத்தாழ 31 சதவீதப் பாதுகாப்பினை அளித்தது. மும்மைத் திரளின் அணுநிலை அமைப்பும் 2013இல் வெளிப்பட்டது. ஆய்வின் வசதிக்காகப் பிரித்தெடுத்த பகுதியை முழுமையெனக் கொண்ட முறையியலையே நாம் மறுக்கின்றோம். அத்தவற்றின் சுமை ஆய்வுகூடத்தின்மீதன்று, சமூகம் ஒதுக்கிவைத்த மனிதர் மீதும் விழுந்தது என்பதை மறத்தல் ஆகாது.