இரண்டு ஆசனங்களுக்கு நடுவே

“நமக்கெல்லாம் உடம்பு வளையாது, சார்” என்று சொல்லி, யோகாசன வகுப்பின் வாசலோடு திரும்பிவிடும் அன்பர்கள்மீது எனக்கு வெகுகாலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பாடத் தெரிந்துகொண்டா போகிறார்கள்? இதுவும் ரசிக்கத் தக்கதொரு கலை. இதிலும் சம்பிரதாயங்கள் உண்டு, பாணிகள் உண்டு, ஒரு பாணிக்காரர் மற்றொருவரைப் பற்றி மரியாதை குறையாமல் சொல்லும் குற்றங்குறைகளும் தாராளமாக உண்டு.

பூர்வ கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் மகாராஜாவின் ஆதரவோடு யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம்தான் இன்றைய வகுப்புகளில் பலவற்றின் வேர் போய் முடிகிறது. சிஷ்யர்களில் பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கி அஷ்டாங்க வின்யாசத்தை வளர்த்தார், மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் புனாவுக்குப் போனார். குமாரர் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தகப்பனார் பெயரால் யோக மந்திரம் நிறுவினார். நம் பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் குடிகொண்ட சுவாமி சிவானந்தரின் பரம்பரை வேறு. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பைப் பார்க்கிறவர் ஆசனத்தைப் பார்க்கக் கூடாது, ஓர் ஆசனம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முன்னால் குனிந்து காலைப் பிடித்துவிட்ட பிறகு எந்தப் பாணிக்காரரும் தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிவார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது நிமிர்ந்த பிறகுதான் வெளிப்படும்.

அஷ்டாங்கக்காரர் நிமிர்ந்ததும் கைகளை ஊன்றி, மடக்கிய கால்களைத் தரையில் படாமல் தூக்கி, பின்னால் தாவித் தண்டாலில் இறங்கி, மார்பை நிமிர்த்தி, இடுப்பை உயர்த்தி, மறுபடியும் கைகளுக்கு நடுவே கால்களைச் செலுத்தி அடுத்த ஆசனத்தில் அமர்வார். அத்தனை அசைவுக்கும் மூச்சுக் கணக்கு உண்டு, அதை ஆசிரியர் ‘ஏகம், த்வே, த்ரீணி’ என்று எண்ணிக்கொண்டு போவார். கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள்: தேர்ந்த அப்பியாசி இறங்கும்போது விரிப்பில் சப்தமே எழாது.

ஐயங்கார் வகுப்பிலோ அந்த நேரத்தில் கம்பளி மடிக்கிறார்கள். சர்வாங்காசனத்துக்கு முன் அவற்றை அடுக்கும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பிசிறில்லாத மடிப்போரம் தோள் பக்கம் வர வேண்டும். தோள் கம்பளியின்மேல், தலை தரையில். கட்டையும் பெல்ட்டும் நாற்காலியும் சுவரில் தொங்கும் கயிறும் கண்டு “இது யோகமா, சாமான் அறையா?” என்று கேலி செய்யும் விமரிசகர், விரற்கடை அளவு பிசகிய மடிப்பைப் பிரித்து மறுபடி மடிக்கும் ஒருவரின் முகத்தை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார்.

தேசிகாச்சார் வழியில் அந்த இடத்தை மாற்று ஆசனம் நிரப்புகிறது. சர்வாங்காசனம் கழுத்துக்குச் செய்ததை, சற்று ஓய்ந்தபின் வரும் புஜங்காசனம் சரிக்கட்டுகிறது. இன்னும் நுட்பமாய்க் கவனித்தால், மூச்சு புறப்பட்ட பிறகே கை எழுவதையும், மூச்சு தீருமுன்னரே கை நின்றுவிடுவதையும் காண்பீர்கள். இதைக் கண்டுகொண்டவருக்குக் காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சாகசமெல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

சாகசம் என்றதும் நினைவு வருகிறது. அறையை நாற்பது டிகிரிக்குச் சூடாக்கி, இருபத்தாறு நிலைகளை ஒன்றரை மணி நேரம் செய்விக்கும் ஒரு மோஸ்தர் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. சித்திரை மாதத்துச் சென்னையில் இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுப்பானேன்? ஜூன் 21-ஆம் தேதி மைதானத்தில் புகைப்படத்துக்காக மூச்சடக்கி நிற்பவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. எல்லாமே ஐரோப்பியத் தேகப்பயிற்சியின் கலப்பு என்று நிரூபிக்கும் பண்டிதர்களோ, கலப்பே இல்லாத கலை ஒன்றைக் காட்டிவிட்டுப் பிறகு பேசட்டும்.

தியான வகுப்புக்கும் இதே உரைகல்தான். பர்மாவின் மஹாசி வழியில் உட்காருவதற்குச் சமமாக நடப்பதும் தியானம். ஜப்பானிய ஜென் கூடத்தில் இரண்டு அமர்வுகளுக்கு நடுவே வரிசையாக மெல்ல நடப்பார்கள். கோயங்காவின் பத்து நாள் விபாசனையில் நடைக்கென்று தனிப் பயிற்சி கிடையாது.

உங்களிடம் அந்தரங்கமாக ஒன்று சொல்கிறேன். அஷ்டாங்க நண்பர்கள் காதில் போட்டுவிடாதீர்கள். அவர்களுடைய தாவலை நான் எத்தனை மெச்சினாலும், முதல்முறை போகிறவர் சிவானந்தர் பாணி வகுப்புக்குப் போவதே உத்தமம். அங்கே இடைவெளியை ஒளித்து வைப்பதில்லை. ஆசனங்களுக்கு நடுவே சவாசனத்தில் கிடத்தி, வேண்டிய மட்டும் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்து விரிப்புக்காரர் குறட்டை விட்டால் எழுப்ப வேண்டாம். அடுத்த ஆசனத்துக்கு ஆசிரியரே எழுப்பிக்கொள்வார்.